இணையத்தில் கடை விரிக்கும் செட்டிநாட்டுக்காரர்களுக்கு: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது

முதலில் கைபேசியை எடுத்து உங்கள் தொழிலைக் கூகுளில் தேடிப் பாருங்கள். தரைக்கல் வார்க்கும் கல் பட்டறை வைத்திருப்பவர் 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று தேடலாம். பலகாரம் போடுபவர் 'செட்டிநாடு பலகாரம்' என்று தேடலாம். வரும் பக்கத்தில் சில இடங்களில் அது விளம்பரம் என்று சொல்லும் சிறு குறி இருக்கும். வரைபடத்தோடு சில கடைகள் இருக்கும். மற்றவை எந்தக் குறியும் இல்லாத இணையதளங்களின் வரிசை. குறி போட்ட இடம் விலைக்குக் கிடைக்கும். குறி இல்லாத வரிசையில் ஏற்றிவிடக் கூகுள் யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. எவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் இதே விதிதான்.

நம் பக்கத்துச் சிறு தொழில்காரர்கள் இணையத்தில் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி, நான் பார்த்தவரை, இந்த வேறுபாடு தெரியாமல் போனதுதான். காரைக்குடியில் என் அத்தை வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து அவரை அழைத்து, ஆறு மாதத்தில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம் என்றார்கள். 24,000 ரூபாய் கொடுத்தார். இணையதளத்தை அவர்களே செய்தார்கள். தளத்தின் பெயரையும் அவர்கள் கணக்கிலேயே பதிந்துகொண்டார்கள். முதலிடம் வரவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி பணம் கேட்டபோது அத்தை மறுத்தார். மறுநாள் தளமே இல்லை. தீபாவளிக்காக அச்சடித்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் அத்தனையிலும் அந்த முகவரிதான் இருந்தது. அந்தப் பெட்டிகளின் மேல் காகிதம் ஒட்டி மறைக்க நானும் இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். அதன் பிறகு அத்தையின் இணைய வேலை முழுவதையும் நானே பார்க்கிறேன். இரண்டு கல் பட்டறைகளுக்கும் உதவுகிறேன். அதில் கற்றதைப் புதியவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சாவி உங்களிடம் இருக்கட்டும்

தளத்தின் பெயரைத்தான் டொமைன் என்கிறார்கள். அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும். கூகுள் வரைபடக் கணக்குக்கும் விளம்பரக் கணக்குக்கும் இதே விதி. வேலை செய்து கொடுப்பவருக்கு அந்தக் கணக்குகளுக்குள் நுழைய அனுமதி மட்டும் கொடுக்கலாம். அவரை நிர்வாகியாகச் சேர்க்கவும் நாளைக்கு நீக்கவும் கணக்கிலேயே வசதி இருக்கிறது. 'எங்கள் கணக்கிலேயே ஓட்டிவிடுகிறோம், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். வீட்டுச் சாவிக்கொத்தை யாரிடமும் முழுதாகக் கொடுத்துப் பழக்கமில்லாத ஊர் நம்முடையது. இதிலும் அப்படியே இருங்கள்.

இரண்டாம் படி: காசில்லாமல் கிடைப்பதை முடித்துவிடுங்கள்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று பெயர். வரைபடத்தில் உங்கள் கடை தெரிவது இதனால்தான். முழுக்க இலவசம். கடை உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய, தெரு, கடை முகப்பு, உள்ளே நடக்கும் வேலை எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வது இப்போது வழக்கம். இதைச் செய்துதருகிறோம் என்று கூகுளின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் கூகுள் ஆட்கள் இல்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. வரைபடத்தில் குறி ஒரு விரல் நகர்ந்தாலும் வாடிக்கையாளர் பின்தெருவில் பூட்டிய கதவின் முன் நிற்பார். அத்தை வீட்டுக்கு மதுரையிலிருந்து வந்த ஒருவர் அரை மணி நேரம் பின்கட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். குறியை முகப்பு வாசலின் மேல் நீங்களே நகர்த்தி வையுங்கள். பிறகு ஊருக்குப் புதியவர் ஒருவரை வழிகேட்காமல் வரச்சொல்லிச் சோதியுங்கள்.

கடையின் பெயராகப் பலகையில் இருக்கும் பெயரை மட்டும் எழுதுங்கள். 'மிகச்சிறந்த காரைக்குடி பலகாரம் முறுக்கு அதிரசம்' என்று பெயரையே பட்டியலாக்குவது கூகுளின் விதிக்கு எதிரானது, உங்கள் புரொஃபைலையே முடக்கிவிடக்கூடும். வாடிக்கையாளரிடம் கருத்து எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் காசுக்குக் கருத்து வாங்காதீர்கள். இணையக் கருத்துகள் எப்படித் திரட்டப்பட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமே 2022-இல் ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. அதெல்லாம் இல்லாவிட்டாலும், பொய்ப் புகழை வாங்கி வைத்துச் சாப்பாட்டுத் தொழில் நடத்த முடியாது.

கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதில் உங்கள் தளத்தைப் பதிந்து, தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறிக்கும் இப்படி ஒன்று உண்டு. இரண்டும் இலவசம், ஒரு மாலை வேலை. 'உங்கள் தளத்தை 500 தேடுபொறிகளில் பதிந்துதருகிறோம்' என்று வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். தளத்தின் பெயரைப் பதிந்த சில நாட்களில் அரசு அறிவிப்பைப் போன்ற தோற்றத்தில், 'தேடுபொறிப் பதிவு காலாவதியாகிறது, உடனே பணம் கட்டவும்' என்று மின்னஞ்சல் வரலாம். அப்படி ஒரு பதிவே உலகில் கிடையாது.

மூன்றாம் படி: வருபவர் நிற்கும்படி தளம் இருக்கிறதா?

விளம்பரம் ஆளைக் கூட்டிவரும்; அதற்கு மேல் தளத்தின் பாடு. நம் பக்கத்துத் தளங்கள் பலவற்றில் விலைப்பட்டியல் முழுவதும் ஒரே படமாக இருக்கிறது. கைபேசியில் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். தேடுபொறியும் அதை எழுத்தைப் போலப் படிக்காது. விலையை எழுத்தாகவே போடுங்கள். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். கல் பட்டறை என்றால் கல்லின் அளவு, சதுர அடி விலை, குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும், எத்தனை நாளில் தயாராகும், லாரி வாடகை யாருடையது என்பதையெல்லாம் எழுதுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணத்தை ஊற்றிக் கையால் கல் வார்ப்பதை ஒரு நிமிட வீடியோவாகப் போடுங்கள். ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நிறம் இம்மி மாறும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு அழைப்பவர்தான் வாங்குபவர்.

நான்காம் படி: விளம்பரம்

தேடல் விளம்பரம் ஓர் ஏலம். 1998-இல் கோடூ என்ற அமெரிக்கத் தேடுதளம் அதிகம் கேட்பவருக்கு மேலிடம் என்று இதைப் பெரிய அளவில் தொடங்கியது. கூகுள் 2000 அக்டோபரில் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் ஏலத் தொகையோடு தரத்தையும் சேர்த்துக் கணக்கிட ஆரம்பித்தது. விளம்பரத்தை ஒருவர் ஒரு முறை தொடுவதற்கு, அதாவது ஒரு கிளிக்குக்கு, நீங்கள் எவ்வளவு தரத் தயார் என்பது ஒரு பாதி. உங்கள் விளம்பரம் தேடிய சொல்லுக்குப் பொருந்துகிறதா, மக்கள் அதைத் தொடுவார்களா, தொட்டபின் போய்ச் சேரும் பக்கம் நன்றாக இருக்கிறதா என்பது மறுபாதி. 30 ரூபாய் கேட்பவரைவிட 20 ரூபாய் கேட்கும் நீங்கள் மேலே வருவது இதனால் நடக்கக்கூடியதே. மூன்றாம் படியை முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கூகுளில் புது விளம்பரக் கணக்கு தொடங்கியதும் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகத் திரை உங்களை இழுக்கும். பொறுமையாகத் தேடல் விளம்பரம் என்ற வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்ற இணையதளங்களிலும் காட்டலாமா என்று கேட்கும் இரண்டு கட்டங்களில் குறி ஏற்கெனவே போட்டிருக்கும், இரண்டையும் எடுத்துவிடுங்கள். பரிந்துரைகளைத் தானாகவே செயல்படுத்தும் அமைப்பையும் அணைத்துவையுங்கள். பட்ஜெட்டை உயர்த்தச் சொல்லி அழைப்புகள் வரும். உயர்த்துவதா வேண்டாமா என்பதை உங்கள் கணக்குப் புத்தகம் சொல்லட்டும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று தீர்மானிப்பது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

'செட்டிநாடு' என்ற ஒரே சொல்லுக்கு விளம்பரம் கொடுத்தால் யார் வருவார்கள் என்று யோசியுங்கள். கோழிக் குழம்பு செய்முறை தேடுபவர், சிமென்ட் தேடுபவர், மருத்துவமனை தேடுபவர், பள்ளிக்கூடம் தேடுபவர், கானாடுகாத்தானுக்குச் சுற்றுலா வருபவர் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் அடிக்கிறார்கள். தொட்டால் ஒவ்வொருவருக்கும் உங்கள் காசு. 'ஆத்தங்குடி' என்ற சொல்லிலும் இதே ஆபத்து இருக்கிறது; அங்குள்ள பெரிய வீட்டைப் பார்க்க வருபவர்கள் நுழைவுக் கட்டணம் என்ன, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று தேடுவார்கள். ஆகவே வேண்டாத சொற்களின் பட்டியலை விளம்பரம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கல் பட்டறைக்கு நாங்கள் விலக்கிய சொற்களில் சில: சிமென்ட், மருத்துவமனை, பள்ளி, அரண்மனை, கட்டணம், நேரம், வேலைவாய்ப்பு. பலகாரத்துக்கு விலக்கியவை: செய்முறை, செய்வது எப்படி, ரெசிபி, வீடியோ. தமிழில் கொடுத்த ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்திலும் கொடுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆத்தங்குடியை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடிக்கிறார்கள்: ஒரு டி, இரண்டு டி, எச் சேர்த்து, எச் விட்டு, முன்னால் ஒரு ஏ, இரண்டு ஏ. கண்டாங்கிச் சேலைக்கும் கொட்டானுக்கும் இதே நிலைதான். உங்களுக்குத் தோன்றும் எல்லா வடிவங்களையும் எழுதிச் சேருங்கள். சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் அதே பொருளில் தேடுபவருக்கு மட்டும் விளம்பரம் போகும். இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தால் அந்தப் பொருள் அடங்கிய நீண்ட தேடல்களுக்கும் போகும். எதுவும் இல்லாமல் கொடுத்தால் தொடர்புடையது என்று கூகுள் நினைக்கும் எதற்கும் போகும். முதல் இரண்டு மாதங்கள் அடைப்புக்குறியும் மேற்கோளும் போதும்.

யாருக்குக் காட்டுவது? காரைக்குடிக்காரர் கல் வாங்கக் கூகுளைத் தேட வேண்டியதில்லை. ஆத்தங்குடிக்கு வண்டியை விட்டால் போதும். வாங்குபவர்கள் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வீடு கட்டுகிறார்கள். அந்த ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஓர் அமைப்பைக் கவனியுங்கள்: அந்த ஊர்களில் இருப்பவர்களோடு, அந்த ஊர்கள் மேல் ஆர்வம் காட்டும் பிற ஊர்க்காரர்களுக்கும் காட்டும்படி அது முன்கூட்டியே இருக்கும். இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் என்று வைத்தால் சில நாட்களில் 400 ரூபாய் வரை போகும், பதறாதீர்கள். ஒரு மாதத்தில் அந்தத் தொகையின் 30.4 மடங்குக்கு மேல், அதாவது 6,080 ரூபாய்க்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் எண்ணைக் கணக்கில் ஏற்றுங்கள், பொதுவாக உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்; உங்கள் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டி அது தீரும்வரை ஓட்டும் முறை கணக்கில் கிடைத்தால் அதையே எடுங்கள். கடன் அட்டையைத் திறந்துவிட்டு மறப்பது நமக்கு ஆகாது.

ஐந்தாம் படி: டைரக்டரிகள்

தளங்களையும் கடைகளையும் வகை பிரித்துப் பட்டியல் போடும் இணையதளங்களைத்தான் டைரக்டரி என்கிறார்கள். ஒரு காலத்தில் இணையமே டைரக்டரிகளால் நடந்தது. 1994-இல் தொடங்கிய யாஹூ டைரக்டரியில் வணிகத் தளம் ஒன்றைச் சேர்க்க ஆண்டுக்கு 299 டாலர் வாங்கினார்கள். 2014 இறுதியில் அதை மூடிவிட்டார்கள். தன்னார்வலர்கள் இலவசமாக நடத்திய டிமோஸ் 2017-இல் மூடப்பட்டது. இன்றைக்கும் 'உலகப் புகழ்பெற்ற டைரக்டரிகளில் சேர்க்கிறோம்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நீங்களோ உங்கள் வாடிக்கையாளரோ ஒரு நாளாவது பொருள் தேடியிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் மக்கள் உண்மையிலேயே பயன்படுத்துபவை உண்டு. ஜஸ்ட்டயலும் இந்தியாமார்ட்டும் 1996-இல் தொடங்கியவை. முன்னது உள்ளூர்ச் சேவைகளுக்கு, பின்னது மொத்த வியாபாரத்துக்கு. இரண்டிலும் அடிப்படைப் பதிவு இலவசம். முதலில் அதைச் செய்துவிட்டு மூன்று மாதம் பாருங்கள். தங்கும் விடுதி நடத்துபவருக்குச் சுற்றுலாத் தளங்கள் வேறு. அங்கே பெரும்பாலும் நடந்த அறை முன்பதிவுக்குத் தரகு வாங்குவார்கள்.

எந்த டைரக்டரியிலும் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரே வாடிக்கையாளரின் எண் என்னைத் தவிர இன்னும் எத்தனை பேருக்குப் போகும்? காரைக்குடி என்று தேடினால் மட்டும் தெரிவேனா, சென்னையிலும் தெரிவேனா? ஒப்பந்தம் எத்தனை மாதம், நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் என்னாகும்? வங்கியிலிருந்து தானாக எடுக்கும் அனுமதி கேட்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அதை ரத்து செய்யும் வழியை உங்கள் வங்கிக் கிளையிலேயே தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பணம் கொடுத்து ஆயிரம் தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு வாங்கித் தருவதாகச் சொல்பவர்களும் வருவார்கள். தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது கூகுளின் விதியை மீறுவது. 2012-இல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததே இத்தகைய தளங்களைக் கீழே தள்ளத்தான். விளம்பரமாக வாங்கும் இணைப்பை விளம்பரம் என்று குறித்து வாங்கினால் குற்றமில்லை. அதனால் தரவரிசை ஏறாது, அவ்வளவே. பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள்: இணைய மோசடிக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. உடனே அழைப்பவருக்குத்தான் பணம் திரும்பும் வாய்ப்பு அதிகம். அத்தைக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆறாம் படி: பற்று வரவு

பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய கடைகளிலிருந்து முதலாளிக்கு ஊருக்கு ஐந்தொகை வந்துகொண்டிருந்த மண் இது. கடல் தாண்டிப் போன பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்களின் ஊரில், கைபேசிக்குள் போகும் பணத்துக்குக் கணக்கு இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நோட்டு போதும். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் 'எங்களை எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு எழுதுங்கள். விளம்பரத்துக்கு மட்டும் தனி எண் ஒன்று வைத்தால் இன்னும் எளிது. பிறகு மாதக் கடைசியில் கணக்குப் போடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு கிளிக் 20 ரூபாய், மாதம் 300 கிளிக், ஆக 6,000 ரூபாய், ஜிஎஸ்டி 1,080, மொத்தம் 7,080 என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் அழைத்து இரண்டு பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளருக்கு ஆன செலவு 3,540 ரூபாய். கல் பட்டறைக்கு ஒரு வீட்டு ஆர்டர் 800 சதுர அடி, அடிக்கு 10 ரூபாய் மிச்சம் என்றால் 8,000 ரூபாய். விளம்பரச் செலவு போக 4,460 நிற்கும். ஓட்டலாம். அதே செலவில் இரண்டு கிலோ முறுக்கு பார்சல் ஒன்றில் 200 ரூபாய் மிச்சம் பார்க்கும் அத்தைக்கு ஒவ்வொரு ஆர்டரிலும் 3,340 ரூபாய் நஷ்டம்.

இந்தக் கணக்கைப் பார்த்த அன்று அத்தையின் சில்லறைப் பலகார விளம்பரம் முழுவதையும் நிறுத்தினோம். கல்யாணத்துக்கும் சீருக்கும் மொத்தமாகப் பலகாரம் கேட்பவர்கள் தேடும் சொற்களுக்கு மட்டும் புதிதாகக் கொடுத்தோம். சில்லறை வாடிக்கையாளர்களுக்கு வரைபடமும் வாட்ஸ்அப்பும் போதும்; ஒரு முறை சீப்புச்சீடை தின்றவர் மறுபடி கூகுளுக்குப் போவதில்லை, நேராக அத்தைக்குத்தான் அழைக்கிறார்.

வாரம் ஒரு முறை, மக்கள் உண்மையில் எதைத் தேடி உங்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். கணக்கிலேயே இருக்கும். வேண்டாத தேடல்களை விலக்கும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பட்டியல் நீளும், வீண் கிளிக் குறையும்.

விளம்பரத்தை எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் கல் காயாது. சொன்ன நாளில் கொடுக்க முடியாத பட்டறைக்கு அந்த நாட்களில் விளம்பரம் எதற்கு? அத்தைக்கு நிலைமை வேறு. தீபாவளிக்குப் பத்து நாட்களுக்கு முன்பே அடுப்பில் இடம் இருக்காது. அதற்கு மேல் வரும் ஆர்டரை ஏற்றால் பலகாரத்தின் பதம் கெடும். அதனால் அந்தப் பத்து நாட்களும் அவருடைய விளம்பரம் நின்றிருக்கும். நிறுத்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை; கணக்கில் ஒரு தொடுதலில் நிற்கும், மறுபடி தொட்டால் ஓடும். இந்த ஆண்டு அத்தையே தம் கைபேசியில் அதைச் செய்தார்.